சூரியன் உதிக்காத ஊரில் இருக்கும் மகளுக்கு

தாயி,

நாலு நாளாக நீ போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளைதான் எடுத்து, "நல்லா இருக்கா மாமா, தூங்குறா மாமா" என்கிறார். பாவம், பொய் சொல்ல வராத மனுஷன். கோபத்தில் நீ அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறாய், அதனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. "தலைப்பிரசவத்துக்கு ஒரு தாய் வரமாட்டேன்னு சொல்லுவாளாப்பா? என்னையவிட அம்மாவுக்கு அந்த வெயில்தான் பெருசாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தாயே, அதை அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். போனில் பேசினால் பாதியில் நீ அழுவாய், பாதியில் நான் கத்துவேன். பட்டாசுக் கம்பெனியில் கத்திக் கத்தி எனக்கு மெதுவாகப் பேசுவதே மறந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். வயிற்றுப் பிள்ளைக்காரி, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து நிதானமாகப் படி.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் பக்கத்து வழக்கம். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ வர முடியாது என்றால் அம்மாதான் அங்கே வர வேண்டும். நியாயம். விசாவும் வந்துவிட்டது. வந்த பிறகு அவள் மாட்டேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? குளிருக்குப் பயப்படுகிறாள் என்று நீ நினைக்கிறாய். காலையில் சூரியனைப் பார்க்காமல் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. யாருக்காக நேர்ந்துகொண்டோமோ அவர்கள் காதில் அது விழக் கூடாது என்பது அவள் கொள்கை. எனக்கு அப்படி ஒரு கொள்கையும் கிடையாது, அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஏழெட்டு வருஷம் பிள்ளை இல்லை. இரண்டு தடவை தங்கி, மூன்றாம் மாதமே கலைந்து போயிற்று. அதற்குப் பிறகு நீ. ஏழாம் மாதத்தில் ஒரு நாள் விடியக்காலம் அம்மாவுக்கு உதிரப்போக்கு கண்டு, சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தாயைக் காப்பாத்திரலாம், பிள்ளையைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டார். அம்மா படுத்திருந்த கட்டிலுக்கு நேரே ஒரு ஜன்னல். அதில் அப்போதுதான் சூரியன் வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தப் புள்ள உசுரோட இருக்குற நாள் வரைக்கும் உன்னையப் பாக்காம எம்பல்லுல பச்சத் தண்ணி படாது." எல்லாரும் நாற்பத்தெட்டு நாள், ஒரு வருஷம் என்று கெடு வைத்துத்தான் நேர்வார்கள். உன் அம்மா உன் ஆயுசையே கெடுவாக வைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வலியில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த உளறலை அவள் இன்றைக்கு வரை தெரிந்து ஒரு நாள்கூடத் தப்பவிட்டதில்லை. காய்ச்சலில் நாக்கு ஒட்டிக்கொண்ட நாளிலும் விடவில்லை. உன் கல்யாணத்தன்று முகூர்த்த அவசரத்திலும் மண்டபத்து வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் காபியை வாங்கினாள்.

மழைக்காலத்தில் என்ன செய்வாள் என்று கேட்பாய். அதற்கும் சாமியோடு ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தாள். மேகம் மறைத்தால், உதிக்கிற நேரம் தாண்டியதும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் குடிக்கலாம். அந்த நேரத்தைச் சொல்வது என் வேலை. நானும் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ விருதுநகரில் காலேஜ் படித்தபோது ஒரு ஆனி மாதம், கிழக்கே ஒரே மூட்டம். "நேரம் ஆயிருச்சு, குடி" என்றேன். குடித்தாள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், மூட்டம் விலகுகிறது, அப்போதுதான் சூரியன் சோளக்காட்டுக்கு மேலே நெற்றியைக் காட்டுகிறது! உனக்கு ஞாபகம் இருக்கும், அன்று முழுக்க அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னம்மா, எனக்கென்ன காய்ச்சலா?" என்று நீ எரிந்து விழுந்தாய். அப்புறம் உன் கோபம் காலண்டர் பக்கம் திரும்பியது. "யப்பா, இதுல போட்டிருக்கிறது மெட்ராஸ் சூரியன். நம்ம ஊருக்கு லேட்டாத்தான் வரும்" என்றாய். சிவகாசியில் அடிக்கிற காலண்டர், சிவகாசிச் சூரியன் அதில் இல்லை!

அன்று சாயங்காலம் என் பழைய கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு நீ கணக்குச் சொல்லிக்கொடுத்தாய். நாடு முழுக்க ஒரே கடிகாரம், ஆனால் அது நமக்குக் கிழக்கே எங்கேயோ ஓடுகிற ஒரு கோட்டுக்கு வைத்தது. அங்கிருந்து ஒரு டிகிரி மேற்கே வந்தால் சூரியன் நாலு நிமிஷம் தாமதம். ஊர் பூமத்திய ரேகைக்கு எவ்வளவு வடக்கே இருக்கிறது, அன்றைக்குச் சூரியன் எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே போயிருக்கிறது என்று பார்த்தால் பகலின் நீளம் கிடைத்துவிடும். பூமி ஒரே சீராக ஓடுவதில்லை, சாய்ந்தும் ஓடுகிறது, அதனால் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் எப்போதும் ஒரு இழுபறி, அதையும் சேர்க்க வேண்டும் என்றாய். பாதி புரிந்தது, பாதி புரிந்த மாதிரி தலையாட்டினேன். மறுநாள் காலையில் மாடியில் போய் நின்றேன். நீ சொன்ன நிமிஷத்தில் கோடு போட்ட மாதிரி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, தாயி. எத்தனையோ கோடி மைல் தள்ளி இருக்கிற ஒன்று, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் ஒரு மொட்டை மாடிக்கு எந்த நிமிஷம் வரும் என்று என் மகள் முந்தின நாளே சொல்லிவிட்டாள்!

அதிலிருந்து எனக்கு இந்தக் கணக்கின் மேல் ஒரு பைத்தியம். போர்மேன் வேலைக்கும் அதுதான் கைகொடுத்தது. வெடிமருந்து இருக்கிற ரூமில் விளக்கு கிடையாது, பகல் வெளிச்சம் இருக்கும் வரைதான் வேலை. பகல் ரொம்பக் குறைவது மார்கழியில்தான், ஆனால் சூரியன் ரொம்பச் சீக்கிரம் அடைவது கார்த்திகைப் பிறப்பை ஒட்டி, ரொம்ப லேட்டாக உதிப்பது தை பாதியை ஒட்டி. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை நான் நம்பவில்லை. தீபாவளி சீசனில் ஆர்டர் மலையாகக் குவிகிற நேரத்தில்தான் சாயங்காலமும் சுருங்குகிறது. "இன்னும் பத்து நிமிசம் ஓட்டுய்யா" என்பார் மொதலாளி. "சூரியனைக் கேட்டுச் சொல்லுதேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு ரூமைப் பூட்டிவிடுவேன்.

இந்த வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்ததும் எனக்குப் பொழுது போகவில்லை. அம்மாவுக்கு விசா வந்திருந்த சமயம். சரி, உன் ஊருக்கு மார்கழியில் சூரியன் எத்தனை மணிக்கு வருகிறது, பார்ப்போம் என்று டிரோம்சோவைப் போட்டேன். கால்குலேட்டர் 'எர்ரர்' என்றது. எங்கேயோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்று மறுபடியும் போட்டேன். எர்ரர். கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். அப்போதும் எர்ரர். கார்த்திகைக் கடைசிக்குப் போட்டேன், எர்ரர். தை மாதத்துக்குப் போட்டதும் பதில் வந்தது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. கணக்கு தப்பில்லை. எந்த நேரம் என்று நான் கேட்கிறேன், 'அப்படி ஒரு நேரமே கிடையாது' என்று சொல்ல அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை. நம்ம ஊர் மாடிக்கு நிமிஷம் தப்பாமல் சூரியனைக் கூட்டி வந்த அதே கணக்கு, உன் ஊருக்கு அது வராது என்றும் தப்பாமல் சொல்கிறது. கார்த்திகையில் போனால் பொங்கலை ஒட்டித்தான் திரும்பி வருகிறது. இதைவிட வேடிக்கை, கோடையில் போட்டாலும் எர்ரர், அப்போது அடைவதே கிடையாது! நீ சொல்லியிருந்தாய், நான் காதில் வாங்கியிருந்தேன். ஆனால் என் கையால் தட்டி அந்த எர்ரரைப் பார்த்தபோது கால்குலேட்டரை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாம் எப்பேர்ப்பட்ட உருண்டையின் மேல் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறோம்!

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த அதிசயத்தை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் உனக்காகப் பிரசவ மருந்துக்குச் சுக்கு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கை நின்றது.

"ஒண்ணரை மாசத்துக்கு மேலயா? ஒரு நாளும் வரமாட்டாரா?"

"வரமாட்டார்."

"மேகம் மறைச்சிருக்குமோ?"

"மேகம் இல்லத்தா. வானம் துடைச்ச மாதிரி இருந்தாலும் வரமாட்டார். பூமியே குறுக்க நிக்கும்."

"அப்ப நான் போக முடியாதுங்க" என்றாள்.

என் நேரம், அந்த வாரம் சாத்தூர் ஜோசியரும் எதிரே வந்தார். பிள்ளை பிறந்தால் ஜாதகம் எழுத வேண்டுமே என்று அவரிடமும் சொல்லிவைத்தேன். மனுஷன் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். "உதயத்துல இருந்துதானய்யா கிழமையே ஆரம்பிக்குது. உதயமே இல்லன்னா அந்தப் புள்ள எந்தக் கிழமையில பொறந்ததுன்னு எழுத?" என்றார். எனக்கு அது எவ்வளவு பெரிய கேள்வி என்று ஒரே ஆச்சரியம். அம்மாவுக்கு அதுவே பயமாகப் போய்விட்டது. "பாத்தீகளா, ஜோசியருக்கே வழி தெரியல. அவ உசுருக்காக நேந்ததை முறிச்சுக்கிட்டு, அவ பிரசவத்துலயே போயி நிக்கச் சொல்லுதீகளா? ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நான் என்னன்னு இருப்பேன்?" என்று அழுதாள். இப்போது புரிகிறதா? வெயில் பெரிதென்று அவள் மறுக்கவில்லை. அவளுக்கு நீதான் பெரிது, அதனால்தான் வரப் பயந்தாள்.

நான் சும்மா விடவில்லை. நீ சொல்லிக்கொடுத்ததை எல்லாம் எடுத்து வீசினேன். "நீ தினமும் கும்பிடுறியே, அந்த நிமிசம் சூரியன் உண்மையில அடிவானத்துக்குக் கீழதான் இருக்கு. காத்து வெளிச்சத்தை வளைச்சுக் காட்டுது. கீழ இருக்குற சூரியனைத்தான் இத்தனை வருசமாக் கும்பிட்டிருக்க" என்றேன். "அது அவரா எட்டிப் பாக்குறது. அங்கன எட்டியே பாக்கமாட்டாராம்ல?" என்றாள். சரி, மார்கழி உச்சிப்பொழுதில் அங்கே தெற்கே வானம் கொஞ்சம் சிவக்கும், அதைப் பார்த்துக் கும்பிடு என்றேன். "தெக்கயா? எமன் தெசையப் பாத்தா?" என்று என்னை அடிக்க வந்துவிட்டாள். கோயிலில் ஏதாவது செலுத்திவிட்டு விட்டுவிடலாம் என்றேன். "தள்ளுபடி பண்ண அவரு என்ன பேங்கா நடத்துதாரு?" என்றாள். அந்த நிலையில்தான் நீ போன் செய்தாய்.

நீ வைத்த பிறகு அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் மாடியில் காயப் போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தவள், திடீரென்று, "இந்நேரம் அவ ஊர்ல மணி என்ன?" என்று கேட்டாள். இங்கே நாலு தாண்டியிருந்தது. "அங்கன இப்பத்தான் உச்சி" என்றேன்.

"மார்கழியில இதே நேரம் சூரியன் அவளுக்கு எங்கன இருப்பாரு?"

"கோட்டுக்குக் கீழ, ரெண்டு விரக்கடை."

"நமக்கு?"

"இந்தா, இப்ப நிக்கிற மாதிரிதான். மேக்க."

"ரெண்டும் ஒரே சூரியன்தானே?"

"வேற எத்தனை இருக்கு?"

அவள் மேற்கே பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "நான் அன்னைக்குக் கேட்டது புள்ளையத்தாங்க. வெளிச்சத்தைக் கேக்கல. கேட்ட புள்ள அங்கன இருட்டுல வலி பொறுக்கப் போகுது, நான் இங்கன வெளிச்சத்துல நின்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தா, அவரே என்னைய என்ன நெனைப்பாரு?" என் பக்கம் திரும்பினாள். "எனக்குப் பதிலா நீங்க பாக்கணும். இங்கன அவரு உதிக்கத்தானே செய்யுதாரு. நீங்க பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க, நான் அங்கன தண்ணி குடிச்சுக்கிடுதேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நான் கோயில் வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கிற ஆளு. எங்கண்ணு பாத்தா உன் சாமி கணக்குல வச்சுக்கிடுமா?" என்றேன். "புருசன் பாதி பொஞ்சாதி பாதின்னுதானே தாலி கட்டுனீக? அப்ப உங்க கண்ணுல பாதி என்னோடது" என்றாள். தாயி, இத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பேச்சை நான் அவளிடம் கேட்டதில்லை. எந்தக் கணக்கும் அசைக்க முடியாத ஒருத்தி, தானே ஒரு வழியைக் கண்டுபிடித்து, அந்த வழியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். நிபந்தனையும் போட்டாள். நானும் பார்க்கும் வரை ஒன்றும் குடிக்கக் கூடாது. கட்டன்காபி இல்லாமல் கண் திறக்காத எனக்கு! இங்கே உதிக்கும்போது அங்கே நடுச்சாமம், நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். அவள் எழுந்து பல் துலக்கும்போது இங்கே பத்தரை ஆகிவிடும், அப்போது சொல்வேன்.

உன்னைக் கட்டிக்கொடுத்தபோது நான் புத்தி எதுவும் சொல்லவில்லை. மண்டபத்துக்காரரோடு சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது. இப்போது ஒன்றே ஒன்று சொல்கிறேன். கூட இருப்பவர்கள் ஒன்றை விடாமல் செய்தால் அதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிடாதே. மாப்பிள்ளையிடமும் அப்படி ஏதாவது இருக்கும். எதற்காக என்று ஒரு நாள் உட்கார்ந்து கேள். நான் இந்த நேர்ச்சையை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன், அப்போதெல்லாம் அவள் உன்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள். உன் பிள்ளைக்காக நீ இப்படி எதையும் நேர்ந்து தொலைக்காதே. சொன்னால் கேட்கவா போகிறாய், அவள் மகள்தானே.

இன்றைக்குக் காலையில் ஒத்திகை பார்த்தோம். அவள் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு, மேற்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் மாடிக்குப் போனேன். தொண்டை வறண்டிருந்தது. கம்பெனி ரூம்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன, கரிசக்காட்டில் ஆள் இல்லை. கிழக்கே வெளுத்து, அப்புறம் சிவந்தது. கணக்குப்படி நிமிஷம் வந்தது, போனது. அடியில் ஒரு மேகப் பட்டை.

கீழே இருந்து, "வந்துட்டாரா?" என்று குரல்.

"கணக்குப்படி வந்தாச்சு."

"உங்க கண்ணுக்கு?"

"இன்னும் இல்ல."

"அப்ப இருங்க. மொத நாளே மேகத்தைச் சாக்குச் சொல்லாதீக."

நின்றேன். முப்பது வருஷமாக ரூமைத் திறக்கவும் பூட்டவும்தான் நான் சூரியனைப் பார்த்திருக்கிறேன். வந்ததா, சரி, வேலையைப் பார். இன்னொருத்தருடைய தாகத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு அதற்காகக் காத்து நின்றது இதுதான் முதல் தடவை. மேகத்தின் விளிம்பு மஞ்சளாக எரிந்தது, அதற்கு மேலே முதலில் ஒரு கீற்று, அப்புறம் பாதி, அப்புறம் முழு வட்டம். என்ன ஒரு வெளிச்சம், தாயி! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் கும்பிடவில்லை. கும்பிட்டேன் என்று அம்மா சொன்னால் நம்பாதே.

இறங்கிப் போய் அடுப்படிக் கதவைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தீகளா?"

"பாத்தேன்."

"முழுசா?"

"முழுசா."

எழுந்து வாசலுக்கு வந்து சரிபார்ப்பாள் என்று நினைத்தேன். வரவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தாள், கொஞ்ச நேரம். அப்புறம் தம்ளரில் தண்ணீர் மோந்து பாதி குடித்தாள். மீதியை என் பக்கம் நீட்டி, "நீங்களும் இன்னும் குடிக்கலல்ல" என்றாள். வாங்கிக் குடித்தேன்.

டிக்கெட் போட்டுவிடு, தாயி. அம்மா வருகிறாள்.

அப்பா